குளிரும் வியர்வையும்: கடுங்குளிர் நிலங்களில் உள்ளாடையின் வரலாறு

ஆடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பிறர் கண்ணுக்குப் புலனாகும் ஆடைகளையே கருத்திற் கொண்டனர். அரசவை அங்கிகள், போர்வீரர் சீருடைகள், செல்வர்தம் அலங்கார உடைகள் ஆகியன பற்றி நூல்கள் பல உள. மேனியை ஒட்டி அணியப்பட்டுப் பிற ஆடைகளால் மறைக்கப்படும் உள்ளாடையோ வரலாற்றாசிரியரின் கவனத்தை அத்துணை ஈர்த்ததில்லை. ஆயினும், கடுங்குளிர் நிலங்களிலே நடந்தும் ஓடியும் மலையேறியும் பனிமீது வண்டியிழுத்தும் உழைத்த மனிதர் உயிரோடு மீள்வதும் மீளாது போவதும் சில வேளைகளில் அந்த உள்ளாடையிலேயே தங்கியிருந்தன.

குளிர்காலத்தில் வெளியே ஓடப் புறப்படும் ஐரோப்பியர் ஒருவர்க்கு இன்று வழங்கப்படும் அறிவுரை மிகவும் எளிமையானது. பருத்தியை மேனியில் அணியாதே. மென்கம்பளியையோ செயற்கை இழையையோ தெரிந்துகொள். தடித்த ஓர் ஆடைக்குப் பதிலாக மெல்லிய பல ஆடைகளை அணி என்பதே அது. இவ்வறிவுரை பொது அறிவு போலத் தோன்றினும், அது உருவாவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் சென்றன. தவறான கொள்கைகள் பல அதற்கிடையே தோன்றி மறைந்தன, உயிர்களும் பலியாயின. குளிரில் உழைப்பவனுக்குக் குளிருக்கு இணையான பகை அவனது சொந்த வியர்வையே என்னும் உண்மை எவ்வாறு உணரப்பட்டது, அதனை உணர்ந்திருந்தோரின் அறிவு ஏன் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. சிக்கலின் இயல்பு

வெப்ப வலய நாடுகளில் வாழ்வோர்க்கு வியர்வை என்பது வெயிலோடு தொடர்புடைய ஒன்றாகவே தோன்றும். உறைபனியின் நடுவிலும் மனிதன் வியர்வையால் நனைவான் என்பது அவர்க்கு வியப்பளிக்கலாம். எனினும் இதன் காரணம் தெளிவானது. உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே தசைகளின் வேலையாக மாறுகின்றது. எஞ்சியது வெப்பமாகவே வெளிப்படுகின்றது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவன், ஓய்வாக அமர்ந்திருப்பவனைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு சக்தியைச் செலவிடுகின்றான். ஆகவே, அமர்ந்திருக்கையில் நடுக்கத்தைத் தடுக்கப் போதாத ஆடையே ஓடும்போது மிகையானதாகி விடுகின்றது. மிகை வெப்பத்தைப் போக்க உடல் வியர்க்கின்றது. மேனியிலிருந்து ஒரு கிலோகிராம் வியர்வை ஆவியாகுமிடத்து ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை அது கவர்ந்து செல்கின்றது.

உழைப்பு நிகழும் வேளையில் இது நன்மையே. ஆனால் குளிர் நிலத்தில் அணியப்படும் தடித்த ஆடைகளினூடே நீராவி முற்றாக வெளியேற இயலாது. புறத்தேயுள்ள குளிர்ந்த படைகளை அடைந்ததும் அது ஒடுங்கி நீராகின்றது. கடுங்குளிராயின் அங்கேயே பனிக்கட்டியாக உறைகின்றது. ஆடை தானாக வெப்பத்தைத் தருவதன்று. அதன் இழைகளிடையே அசையாது சிறைப்பட்டிருக்கும் காற்றே வெப்பத்தைக் காக்கின்றது. அக்காற்றின் இடத்தை நீர் நிரப்புமாயின் நிலைமை தலைகீழாகின்றது. ஏனெனில் நீர், அசையாக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். மேலும், உழைப்பவன் களைத்து நின்றவுடன் அவனது உடலில் வெப்பம் பிறப்பது சடுதியாகக் குறைகின்றது. நனைந்த ஆடையோ வெப்பத்தைக் கவர்வதை நிறுத்துவதில்லை. ஆகவே, பெரும் ஆபத்து உழைக்கும்போதன்றி உழைப்பு ஓய்ந்த பின்னரே நேர்கின்றது.

இவ்வுண்மையை நோர்வே நாட்டு ஆராய்வாளரான பிரித்யொவ் நான்சென் தம் உடலிலேயே அனுபவித்தார். 1895 மார்ச் 14ஆந் திகதி அவரும் யல்மார் யொஹான்சென்னும் ‘பிராம்’ என்னும் கப்பலைவிட்டு வட துருவத்தை நோக்கிப் பனிமீது புறப்பட்டனர். முன்னைய முயற்சியில் ஓநாய்த்தோல் ஆடைகள் மிகுதியாக வியர்க்கச் செய்தமையால் அவற்றைக் கப்பலிலேயே விட்டுவிட்டுக் கம்பளி ஆடைகளோடு அவர்கள் சென்றனர். பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை சென்ரிகிறேட் அளவிலான குளிரில், உடலிலிருந்து வெளியேறிய ஈரம் மேலாடைகளில் உறைந்து, அவை இரும்புக் கவசம் போல் விறைத்தன. நான்செனின் சட்டைக்கையின் உறைந்த விளிம்பு அவரது மணிக்கட்டை அறுத்து ஆழமான புண்ணை ஏற்படுத்திற்று. இரவில் உறங்கு பைக்குள் நுழைந்தபின் அக்கவசம் உருகி ஈரத்துணியாகும்வரை இருவரும் தம் உடல் வெப்பத்தையே செலவிட்டு நடுங்கிக்கிடந்தனர். மிகுந்த முன்யோசனையுடையவர் எனப் புகழ்பெற்ற நான்செனே இச்சிக்கலுக்குத் தீர்வு காணவில்லை என்பது கவனிக்கற்பாலது.

2. இழையா, காற்றா?

நான்சென் பனிமீது நடுங்கிக்கிடந்த காலத்திலே ஐரோப்பிய நகரங்களில் உள்ளாடை பற்றிய வாதமொன்று சூடாக நிகழ்ந்துகொண்டிருந்தது. ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் விலங்கியற் பேராசிரியராக விளங்கிய குஸ்தாவ் யேகர் 1880ஆம் ஆண்டிலே, மனிதன் விலங்கு இழைகளை மட்டுமே மேனியில் அணிதல் வேண்டும் என்னும் கொள்கையை நூல்வடிவில் வெளியிட்டார். தாவர இழைகளாகிய பருத்தியும் லினனும் உடலிலிருந்து வெளிப்படும் தீய ஆவிகளைத் தேக்கி நோயை விளைப்பன என்றும், கம்பளி அவற்றை வெளியேறவிடும் என்றும் அவர் வாதித்தார். உள்ளாடை மட்டுமன்றிப் படுக்கை விரிப்பும் கம்பளியாலேயே ஆதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கொள்கையால் ஈர்க்கப்பட்ட லூயிஸ் ரொமலின் என்பார், 1884இல் இலண்டனில் யேகரின் பெயரால் கம்பளி ஆடை நிறுவனமொன்றைத் தொடங்கினார். நாடகாசிரியர் பேர்னாட் ஷா அதன் ஆடைகளை விரும்பி அணிந்தமை பலரும் அறிந்ததே. துருவப் பயணங்களுக்கும் அந்நிறுவனத்தின் உள்ளாடைகள் சென்றன.

இதற்கு மறுதலையான கருத்து லங்காஷயரின் பருத்தித் தொழிலோடு தொடர்புடையாரிடமிருந்து எழுந்தமை தற்செயலன்று. லூயிஸ் ஹஸ்லம் 1888இல் நிறுவிய கம்பனி, சிறு துளைகள் நிறைந்த பருத்தித் துணியை நெய்து விற்கத் தொடங்கிற்று. துணியின் துளைகளிற் சிறைப்படும் காற்றே உடலைக் காப்பது. இழை எதுவாயினும் அது இரண்டாம் நிலையினதே என்பது இத்துணியின் அடிப்படைக் கோட்பாடாகும்.

இவ்விரு கொள்கைகளையும் இன்றைய அறிவின் துணைகொண்டு நோக்குமிடத்து விந்தையான ஒரு நிலை வெளிப்படுகின்றது. யேகர் காட்டிய காரணம் பிழையானது; நோய் விளைக்கும் ஆவி பற்றிய அவரது கருத்து அக்காலத்திலேயே வழக்கொழிந்து கொண்டிருந்தது. ஆனால் அவர் பரிந்துரைத்த பொருள் குளிருக்கு உகந்ததே. கம்பளி தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நீராவியை இழைகளின் உள்ளே ஏற்கவல்லது. அவ்வாறு ஏற்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் அது வெளிவிடுகின்றது. இழைகள் இயல்பாகவே சுருண்டிருத்தலால், நனைந்த நிலையிலும் அது மேனியோடு முற்றாக ஒட்டிக்கொள்வதில்லை. மறுபுறத்தில், காற்றே காப்பது என்ற ஹஸ்லத்தின் காரணம் சரியானது. ஆனால் அவர் தெரிந்தெடுத்த பருத்தி, நனைந்ததும் துவண்டு, காற்றை இழந்து, மேனியில் ஒட்டி, உலரவும் தாமதிப்பது. ஒருவரிடம் சரியான பொருளும் பிழையான காரணமும் இருந்தன. மற்றவரிடம் சரியான காரணமும் பிழையான பொருளும் இருந்தன. இருவருமே வாழ்ந்த சூழல் வீடும் அலுவலகமும் நகர வீதியுமே. கடும் உழைப்பின் வியர்வை அவர்தம் ஆய்வுக்குப் பொருளாகவில்லை.

3. துருவ மக்களின் அறிவு

ஐரோப்பியர் இவ்வாறு வாதித்திருந்த வேளையில், வட அமெரிக்காவின் வடகோடியில் வாழும் இனுயிற் மக்கள் இச்சிக்கலுக்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே தீர்வு கண்டிருந்தனர். கரிபூ எனப்படும் கலைமானின் தோலே அவர்தம் குளிர்கால ஆடை. அதன் உரோமத்தின் உட்புறத்திற் காற்றறைகள் உள்ளமையால் அது எடை குறைந்ததும் வெப்பத்தை நன்கு காப்பதுமாகும். உரோமம் மேனியை நோக்க ஓர் உள்ளாடை, உரோமம் வெளியை நோக்க ஒரு மேலாடை என இரு ஆடைகளை அவர் அணிந்தனர். அவ்வாடைகள் உடலை இறுக்காது தளர்ந்திருந்தன. ஓடியும் வேட்டையாடியும் உடல் சூடேறுமிடத்து, கழுத்துப்புறத்தைத் தளர்த்திக் காற்றை உட்செலுத்தலாம். அன்றேல் மேலாடையைக் களைந்துவிடலாம். வீட்டினுள் நுழையுமுன் ஆடையிற் படிந்த உறைபனியைக் கோலால் அடித்து உதிர்ப்பதும் அவர் வழக்கம். பனி உருகி நீராகித் தோலை நனைக்குமுன் அதனை அகற்றிவிடும் இச்செயல், ஈரமே பகை என்பதை அவர் நன்கறிந்திருந்தமைக்குச் சான்றாகும். ஆடையின் சிறப்பு அதன் பொருளில் மட்டுமன்றி, அதனைப் பயன்படுத்தும் முறையிலும் தங்கியுள்ளது என்பது அவர்தம் மரபின் சாரமாகும்.

நோர்வேயரான றொவால்ட் அமுண்ட்சென் இம்மரபை மதித்துக் கற்றவர். 1903 முதல் 1906 வரை வடமேற்குக் கடல்வழியிற் பயணஞ் செய்த அவர், கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்து, நெற்சிலிக் இனுயிற் மக்களிடமிருந்து ஆடையணியும் முறையை நேரிற் பயின்றார். 1911 டிசெம்பர் 14ஆந் திகதி தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த அவரது குழுவின் வெற்றியில் அக்கல்விக்கும் பங்குண்டு.

அவருடன் போட்டியிட்ட பிரித்தானியரான ஸ்கொட்டின் குழுவினர் கம்பளி உள்ளாடைகளும், அவற்றின் மேல் காற்றுப்புகாப் பருத்தித் துணியாலான மேலாடையும் அணிந்தனர். 1912 சனவரி 17ஆந் திகதி துருவத்தை அடைந்த ஸ்கொட்டும் தோழர் நால்வரும் திரும்பும் வழியில் மாண்டனர். இம்முடிவை ஆடை ஒன்றின் மீதே சுமத்துவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. உணவுக்குறைவு, எரிபொருட் கசிவு, நோய், வழமைக்கு மாறான கடுங்குளிர் எனப் பல காரணங்கள் அதற்குண்டு. அன்றியும், அமுண்ட்செனின் குழுவினர் நாய்கள் இழுத்த வண்டிகளோடு பனிச்சறுக்கிற் சென்றவர். ஸ்கொட்டின் குழுவினர் பயணத்தின் பெரும்பகுதியில் வண்டிகளைத் தாமே இழுத்தவர். இருவகை உழைப்பிலும் சுரக்கும் வியர்வையின் அளவு வேறானது. நாய்வண்டி செலுத்துவோனுக்கு உகந்த உரோம ஆடை, பாரமிழுப்போனை வெந்துபோகச் செய்யும். உடையைத் தெரிவு செய்யுமுன் உழைப்பின் தன்மையைக் கணித்தல் வேண்டும் என்னும் பாடமே இவ்வொப்பீட்டிற் பெறத்தக்கது.

வண்டியிழுப்போரின் இடரை ஸ்கொட்டின் தோழரான சேரி-கராட் பதிந்து வைத்துள்ளார். பெங்குவின் முட்டைகளைச் சேகரிக்கும் நோக்குடன் அவரும் வில்சன், பவேர்ஸ் ஆகியோரும் 1911 யூன் மாத இறுதியில், துருவக் குளிர்காலத்தின் இருளிலே குரோசியர் முனைக்குச் சென்றனர். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகை சென்ரிகிறேட் வரை தாழ்ந்தது. ஒருநாட் காலை கூடாரத்தை விட்டு வெளியேறிய சேரி-கராட் சுற்றுமுற்றும் பார்க்கத் தலையை உயர்த்தினார். சில விநாடிகளுள் அவரது ஈர ஆடை விறைத்து உறைந்தமையால் தலையை மீண்டும் தாழ்த்த இயலவில்லை. அந்நிலையிலேயே அவர் நான்கு மணி நேரம் வண்டியை இழுக்க நேர்ந்தது. ஐந்து வாரங்களின் பின் அவர்கள் மீண்டபோது, உறைந்த ஈரத்தால் அவர்தம் உறங்கு பைகளின் நிறை இருமடங்கிலும் அதிகமாகியிருந்தது. உடலிலிருந்து இத்துணை நீர் வெளியேறும் என்பதைத் தாம் முன்னர் அறிந்திலர் என்பதை அவர் 1922இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டுள்ளார்.

4. மீன்வலையிற் பிறந்த ஆடை

துருவப் பயணங்களையடுத்து, இமயமலை ஏற்றம் ஆடையின் புதிய சோதனைக்களமாயிற்று. 1924 யூன் மாதத்தில் எவரெஸ்ற் மலையில் மறைந்த ஜோர்ஜ் மலறியின் உடல் 1999ஆம் ஆண்டிலே கண்டெடுக்கப்பட்டது. அவ்வுடலில் எஞ்சியிருந்த ஆடைத் துண்டுகள் பிரித்தானியப் பல்கலைக்கழக ஆய்வாளரால் நுணுகி ஆராயப்பட்டன. பருத்தி, பட்டு, கம்பளி எனப் பல மெல்லிய ஆடைகளை ஒன்றின்மேலொன்றாக அவர் அணிந்திருந்தமை புலனாயிற்று. அவ்வாடைகளின் பிரதிகள் தயாரிக்கப்பட்டு 2006இல் எவரெஸ்ற் சரிவிலேயே அணிந்து சோதிக்கப்பட்டன. பட்டு ஆடைகள் கம்பளிமீது எளிதாக வழுக்குதலால் உடலசைவுக்குத் தடையேற்படவில்லை என்பதும், முழு உடையும் எடை குறைந்ததாக இருந்ததென்பதும் அறியப்பட்டன. மெல்லிய படைகளின் பயனை அக்கால மலையேறிகள் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

எனினும், மேனியை ஒட்டிய ஆடையில் உண்மையான மாற்றம் நோர்வேயிலிருந்தே வந்தது. அந்நாட்டு இராணுவ அதிகாரியான ஹென்றிக் புறூண் 1933ஆம் ஆண்டில் பழைய மீன்வலைகளைக் கொண்டு தமக்கொரு பெனியனை ஆக்கினார். பார்ப்போர்க்கு நகைப்பூட்டும் அவ்வாடை துணியைவிடத் துளைகளே மிகுந்தது. குளிரைத் தடுக்கவேண்டிய ஆடை வலைபோன்றிருப்பது முரணாகத் தோன்றலாம். ஆயின், மேலே ஓர் ஆடை அணியப்பட்டதும், ஒவ்வொரு துளையும் காற்றைச் சிறைப்பிடிக்கும் சிறு அறையாகி விடுகின்றது. உழைக்கும்போது கழுத்துப்புறத்தைத் திறந்தால் ஈரக்காற்று அத்துளைகளின் வழியே மேலெழுந்து வெளியேறுகின்றது. ஓய்வின்போது மூடினால் காற்று மீண்டும் அசைவற்றுத் தங்குகின்றது. அன்றியும், மேனியைத் தொடும் துணி மிகக் குறைவாதலின் ஈரம் மேனியில் தேங்குவதுமில்லை. ஹஸ்லம் கூறிய காற்றறைக் கோட்பாடும் இனுயிற் மக்களின் திறந்து மூடும் முறையும் இவ்வலையாடையில் ஒன்றிணைந்தன எனலாம். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியப் படைகளில் இவ்வகை ஆடை பயன்பட்டது. 1953 மே 29ஆந் திகதி எவரெஸ்ற் உச்சியை அடைந்த ஹிலறியும் தென்சிங்கும் மேனியில் அணிந்தது இத்தகைய வலையாடையே.

5. அளவைகளின் வருகை

இதுவரை கூறப்பட்டவை யாவும் அனுபவத்தின் வழிவந்த அறிவாகும். அனுபவ அறிவை எண்களால் நிறுத்துப் பார்க்கும் முயற்சியை இரண்டாம் உலகப்போர் விரைவுபடுத்திற்று. வட அத்திலாந்திக்கிலும் அலஸ்காவிலும் இத்தாலிய மலைகளிலும் படையினரை நிறுத்தவேண்டிய அரசுகளுக்கு, எவ்வளவு குளிருக்கு எவ்வளவு ஆடை என்பது கணக்கிடப்பட வேண்டிய தேவையாயிற்று. கேஜ், பேட்டன், பசெற் ஆகிய மூவர் 1941ஆம் ஆண்டில் ‘குளோ’ என்னும் அலகினை வகுத்தனர். 21 பாகை சென்ரிகிறேட் வெப்பநிலையுள்ள, காற்றோட்டம் மிகக் குறைந்த அறையில் ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரைச் சுகமாக வைத்திருக்கும் ஆடையின் காப்பு ஒரு குளோ எனப்பட்டது. சாதாரண அலுவலக உடையொன்று ஏறக்குறைய இவ்வளவினதே.

இவ்வலகின் வரவால், பண்டு மங்கலாக உணரப்பட்ட ஓர் உண்மை கணக்கிற்கு உட்பட்டது. உடலில் வெப்பம் எவ்வளவு அதிகமாகப் பிறக்கின்றதோ, அவ்வளவுக்குத் தேவையான காப்பு குறைகின்றது. ஆகவே ஒரே குளிரில், காவல் நிற்கும் வீரனுக்குத் தேவையான காப்பு, மலையேறும் வீரனுக்குத் தேவையானதைவிடப் பல மடங்காகும். எந்தத் தனியாடையும் இருவேறு நிலைகளுக்கும் பொருந்தாது. களையவும் மீள அணியவும் கூடிய பல படைகளே தீர்வு என்னும் கருத்து அமெரிக்க இராணுவத்தின் 1943ஆம் ஆண்டுச் சீருடை அமைப்பில் உறுதியாக இடம்பெற்றது.

இவ்வறிவு போர்வீரரையும் மலையேறிகளையும் எட்டிய அளவுக்குப் பொதுமக்களை எட்டவில்லை. இதனைத் துயரமான நிகழ்ச்சியொன்று உணர்த்திற்று. இங்கிலாந்தின் டாபிஷயர் மலைப்பகுதியில் 1964 மார்ச் 14, 15ஆந் திகதிகளில் சாரண இளைஞர்க்கான ‘நான்கு விடுதிகள்’ நடைப்போட்டி நடைபெற்றது. தூரம் ஏறக்குறைய 72 கிலோமீற்றர். அன்று வீசிய காற்றும் மழையும் கடுமையானவை. ஆயினும் வெப்பநிலை நீரின் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருந்தது. துருவக் குளிரோ இமயத்தின் உயரமோ அங்கில்லை. இருந்தும் உடல்வலிமை மிக்க இளைஞர் மூவர் உடல் வெப்பம் இழந்து மாண்டனர்.

எவரெஸ்ற் குழுவின் உடற்றொழிலியலாளராக 1953இற் பணியாற்றிய கிறிபித் பியூ இம்மரணங்களை ஆராய்ந்து அதே ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். பின்னர், நனைந்த ஆடையணிந்த இளைஞரைக் குளிரூட்டப்பட்ட, காற்று வீசும் அறையில் உடற்பயிற்சி செய்வித்துப் பரிசோதனைகளும் நடத்தினார். ஆடையின் காப்பு, ஈரமும் காற்றும் ஒன்றுசேர்ந்தவிடத்து மிகச் சிறு பங்காகக் குறைந்துவிடுவதை அவர் கண்டார். கடுமையாக உழைக்கும்வரை உடல் தன் வெப்பத்தை ஒருவாறு காத்துக்கொள்கின்றது. களைப்பினால் வேகம் தளர்ந்ததும், பிறக்கும் வெப்பம் இழக்கும் வெப்பத்திற்கு ஈடுகொடாது உடல் வெப்பநிலை வீழ்கின்றது. போட்டியில் தோழர்க்குப் பிந்தாதிருக்கத் தம் வலிமைக்கு மேலாக நடப்பவன் விரைவிற் களைத்து, வேகம் தளர்ந்த அக்கணமே இவ்வாபத்துள் வீழ்கின்றான். உறைநிலைக்கு மேற்பட்ட சாதாரண மழைநாளே, பருத்தி உடையணிந்து நனைந்தவனுக்கு உயிர்ப்பகையாகும் என்பது ஆய்வினால் நிலைநாட்டப்பட்டது. பருத்திக் காற்சட்டையையும் பருத்திப் பெனியனையும் அணிந்து மலைநடை செல்லலாகாது என்னும் எச்சரிக்கை இன்று பரவலாக வழங்குவதற்கு இத்தகைய அறிவே அடிப்படையாகும்.

6. செயற்கை இழையும் கம்பளியின் மீட்சியும்

பருத்தி விலக்கப்பட்டபின் அதன் இடத்தை நிரப்பப் புதிய பொருள் ஒன்று ஆயத்தமாயிருந்தது. மிலான் நகரில் யூலியோ நற்றா 1954இல் உருவாக்கிய பொலிப்புரொப்பிலீன் நீரை ஏறக்குறைய முற்றாகவே உறிஞ்சாதது. பொதுவான காற்றீரத்தில் கம்பளி தன் நிறையில் ஏறக்குறைய 16 வீதமும், பருத்தி ஏறக்குறைய 8 வீதமும் ஈரத்தைக் கொள்ள, பொலியெஸ்ற்றர் அரை வீதத்திலும் குறைவாகவே கொள்கின்றது. பொலிப்புரொப்பிலீன் அதனிலும் குறைவாகவே கொள்ளும். கப்பற் கயிறுகளிலும் குழந்தைகளின் அரைத்துணிகளிலும் பயன்பட்ட இவ்விழையிலிருந்து நோர்வேயின் ஹெலி ஹான்சென் நிறுவனம் 1970களில் உள்ளாடை செய்தது. அமெரிக்க மலையேறியான இவொன் சுயினாட்டின் பற்றகோனியா நிறுவனம் 1980இல் அதனைப் பின்பற்றிற்று. ஈரம் இழையினுள் தங்காது வெளிநோக்கிச் செல்லுமாதலின் மேனி உலர்ந்திருக்கும் என்பதே இவற்றின் பெருமையாகப் பேசப்பட்டது.

எனினும் குறைகளும் வெளிப்பட்டன. பொலிப்புரொப்பிலீனின் உருகுநிலை தாழ்ந்ததாகையால், சலவை நிலையங்களின் சூடான உலர்த்திகளில் அவ்வாடைகள் உருகி அழிந்தன. வியர்வை நாற்றமும் அவற்றை விட்டு நீங்குவதாயில்லை. இதனால் அந்நிறுவனம் 1985இல் பதப்படுத்திய பொலியெஸ்ற்றருக்கு மாறிற்று. பொலியெஸ்ற்றரும் நாற்றத்திற்கு விலக்கன்று. பருத்தியைவிட அது மிகுதியாக நாறுவதைப் பெல்ஜிய ஆய்வாளர் 2014இல் எடுத்துக்காட்டினர். செயற்கை ஆடை ஒவ்வொரு முறை துவைக்கப்படும்போதும் நுண்ணிழைகளை நீரிற் கலக்கின்றது என்பது 2011இல் வெளியான ஆய்வொன்றினால் உலகின் கவனத்துக்கு வந்தது.

இந்நிலையிலே கம்பளி மீண்டும் அரங்கேறிற்று. யேகரின் காலத்துக் கம்பளி உள்ளாடையை மக்கள் வெறுத்தமைக்குக் காரணம் அதன் அரிப்பு. ஏறக்குறைய 30 மைக்ரோனிலும் தடித்த இழைகளின் நுனிகள் வளையாது மேனியைக் குத்துவதே அரிப்பாகும். மெரினோ ஆட்டின் 20 மைக்ரோனுக்கு உட்பட்ட நுண்ணிழைகளோ மேனியைத் தொட்டதும் வளைந்துகொள்கின்றன. நியூசிலாந்து நிறுவனங்கள் 1990களில் இவ்விழையைக் கொண்டு மெல்லிய உள்ளாடைகளை ஆக்கத் தொடங்கியபின், கம்பளி குளிர்கால ஓட்டக்காரரிடையே செல்வாக்குப் பெற்றது.

கம்பளியா செயற்கையா என்னும் வாதம் இவ்வாறு புதுப்பிக்கப்பட்ட வேளையில், பாக்கவிக், நீல்சன் ஆகிய இருவரின் ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. நனைந்த உள்ளாடை குளிரில் உடலை எவ்வாறு பாதிக்கின்றது எனப் பலவகை இழைகளைக் கொண்டு அவர்கள் சோதித்தனர். உடல் வெப்பத்தையும் சுக உணர்வையும் பொறுத்தமட்டில், இழையின் வகையைவிடத் துணியின் தடிப்பே கூடிய செல்வாக்குடையது என்பது அவர்தம் முடிபு. நூறாண்டுகளாக இழையின் பெயரால் நிகழ்ந்த வாதத்தின் பெரும்பகுதி, முதன்மையற்ற ஒன்றைப் பற்றியதாகவே இருந்ததென்பது இதனாற் புலனாகின்றது. பருத்தி தீது என்பது நிலைநாட்டப்பட்டதே. ஆயின் ஏனைய இழைகளிடையே உள்ள வேறுபாடு வணிகர் கூறுமளவுக்குப் பெரிதன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, குளிரில் உழைப்பவனின் உள்ளாடைத் தெரிவை மூன்று வினாக்கள் நிர்ணயிக்கின்றன எனலாம். எத்தகைய உழைப்பு, எவ்வளவு நேரம் என்பது முதலாவது. தொடர்ந்து ஓடி வீடு திரும்புபவனுக்கு மெல்லிய, விரைவில் உலரும் செயற்கை உள்ளாடை போதுமானது. நடந்தும் நின்றும் பல நாட்கள் மலையிற் கழிப்பவனுக்குக் கம்பளியே உகந்தது. ஈரம் எவ்வழியே வெளியேறும் என்பது இரண்டாவது. உள்ளே எத்துணைச் சிறந்த ஆடை அணியினும் மேலாடை நீராவியைத் தடுக்குமாயின் பயனில்லை. உழைப்பு நின்றபின் என்ன செய்வது என்பது மூன்றாவது. வியர்க்குமுன்னரே ஒரு படையைக் களைதலும், நின்றவுடன் உலர்ந்த ஆடையை அணிதலும், புறப்படும்போது சிறிது குளிரைப் பொறுத்துக்கொள்ளுதலும் எந்த விலையுயர்ந்த இழையும் செய்யாத உதவியைச் செய்யும்.

இம்மூன்றும் இனுயிற் மக்களின் அன்றாட வழக்கில் முன்னரே அடங்கியிருந்தன. எழுத்திலே கொள்கை வகுத்தோர் அவர்களை நாடவில்லை. நாடிக் கற்ற அமுண்ட்சென் பயன்பெற்றார். பழைய மீன்வலையை வெட்டி அணிந்தவரின் ஆடை எவரெஸ்ற் உச்சியை அடைந்தது. 1964இல் மாண்ட இளைஞர் மூவர்க்கும் இல்லாதுபோனது அரிய பொருளோ பெருஞ்செல்வமோ அன்று, அவ்வறிவு மாத்திரமே. ஓரிடத்தில் வாழ்வோர் தம் தேவையால் ஈட்டிய அறிவு ஆய்வுகூடத்தின் அங்கீகாரத்தைப் பெறுவதற்கும், அங்கிருந்து சாதாரண மனிதனைச் சென்றடைவதற்கும் இடையே கழியும் காலம் உயிர்களால் அளக்கப்படுவது. அக்காலத்தைக் குறுக்குதல் கல்வியின் கடமைகளுள் ஒன்று என்பதை மேனியை ஒட்டிய இச்சிறு ஆடையின் வரலாறு உணர்த்துகின்றது.